வாய்க்கால் ரோட்டில் சைக்கிள்: படுவான்கரைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

கிறவல் ரோட்டை, அதாவது தார் போடாத சிறுகல் ரோட்டை, தேடிப்பிடித்துச் சைக்கிள் ஓடுவது வெளிநாடுகளில் இப்போது பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே அகன்ற டயரும் வளைந்த ஹாண்டிலும் வைத்துத் தனிச் சைக்கிள் செய்து, நம்மூரில் மோட்டார் சைக்கிள் வாங்கும் காசுக்கு விற்கிறார்கள். வவுணதீவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "அப்ப நாங்க அம்பது வருசமா என்னத்துல மனே போன?" கடை வாசலில் அவருடைய சைக்கிள் நின்றது. கரியரில் உரப் பை, பாரோடு சேர்த்துக் கட்டிய மண்வெட்டி, மட்காட் முழுக்கச் செம்மண்.

இந்தக் கட்டுரை அவருக்கு இல்லை. மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ வெளியூரிலோ இருந்து, தார் ரோட்டில் மட்டும் ஓடிப் பழகி, மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு.

வாவிக்கு மேற்கே இருப்பது படுவான்கரை, பொழுது படுகிற பக்கம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. முதல் பாடம் இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. காலையில் எழுவான்கரையில் இருந்து மேற்கே போனால் வெயில் முதுகில். பின்னேரம் கிழக்கே திரும்பினால் அப்போதும் முதுகில்தான். கண்ணுக்கு நேரே வெயில் அடிக்காமல் போய்வர இதைவிட வசதியான திசை கிடையாது. மேற்கே தங்கிவிட்டுக் காலையில் நகரத்துக்குத் திரும்புகிற ஆளுக்குத்தான் வினை.

எந்தச் சைக்கிள்

கையில் இருக்கிறது போதும். புதிதாக வாங்கிக்கொண்டு தொடங்காதீர்கள். நாலைந்து தடவை போய்வந்த பிறகு என்ன தேவை என்று உங்கள் மணிக்கட்டும் இடுப்புமே சொல்லும். லுமாலா போன்ற உள்ளூர் மவுண்டன் சைக்கிள், 26 அங்குலச் சில்லு, 1.95 அங்குல டயர் என்றால் படுவான்கரைக்கு அளவெடுத்துச் செய்தது போல. பார் வைத்த பழைய சைக்கிளும் போகும். ஒல்லி டயர் ரேஸ் சைக்கிளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முன்னுக்கு ஸ்பிரிங் வைத்த மலிவுச் சைக்கிளில் அந்த ஸ்பிரிங்கால் கிடைக்கும் சுகத்தைவிடப் பாரம்தான் அதிகம் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற நண்பர்களும் உண்டு.

சைக்கிளைவிட முக்கியம் காற்று. கடைக்காரரிடம் விட்டால் கல்லு மாதிரி அடித்துத் தருவார், தார் ரோட்டுக்கு அது சரி. கிறவலில் அதே காற்றோடு போனால் ஒவ்வொரு கல்லும் உங்கள் பல்லை எண்ணும். 1.95 டயருக்கு, ஆள் 60, 70 கிலோ என்றால், 35 முதல் 40 பிஎஸ்ஐ போதுமானது. மானி இல்லாவிட்டால் பெருவிரலால் டயரை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அதற்காக ஒரேயடியாக இறக்கிவிடவும் கூடாது. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ரியூப் நசுங்கி அருகருகே இரண்டு துளை விழும்.

கொண்டுபோக வேண்டியவை: உதிரி ரியூப் ஒன்று, ஒட்டு (துளையை மூடும் ரப்பர்த் துண்டு), சொலூசன், சொரசொரப்புத் தாள், கைப் பம்ப், டயர் கழற்றும் நெம்பி இரண்டு (கரண்டிக் காம்பும் வேலை செய்யும், ரிம் கீறுப்படும்), நட்டுச் சாவி, ஒரு முழம் கயிறு, பழந்துணி. தண்ணீர் மூன்று லீற்றர். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கற் இரண்டு. தேசிய அடையாள அட்டை. சில்லறை நோட்டு, ஏனென்றால் உள்ளூர்க் கடையில் ஒரு பிளேன்ரீக்கு ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் சிரித்துக்கொண்டே "பிறகு தாங்க" என்பார். அந்தப் பிறகு வராது, உங்களுக்கு வெட்கமாக இருக்கும். தலைக்கவசம் போடுங்கள். யாரும் பிடிக்க மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள்.

மாதம், காற்று, நேரம்

நவம்பரில் இருந்து ஜனவரி வரை போகாதீர்கள். வடகீழ்ப் பருவமழையில் தாம்போதிகளுக்கு (வெள்ளம் மேலால் ஓடும்படி தாழக் கட்டிய ரோட்டுத் துண்டுகளுக்கு) மேலால் தண்ணீர் பாயும், குளங்கள் வான் போடும், அதாவது நிரம்பி வழியும். அந்த மாதங்களில் வயல் பச்சையாக விரிந்து கிடக்கும் அழகு தனிதான், அதைப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். தாம்போதியில் முழங்காலளவு தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குவது வீரம் இல்லை. மேலே ஓடுகிற தண்ணீரைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். கீழே கொங்கிறீற்றில் எந்த இடம் அரித்துப் போயிருக்கிறது என்று தெரியாது.

பெப்ரவரிக் கடைசியில் இருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். பெரும்போகம் அறுவடையாகி, மண் இறுகி, வெயில் இன்னும் கொல்லத் தொடங்காத நேரம். ஆனால் வெட்டு மெசினும் நெல் ஏற்றிய உழவு மெசினும் வாய்க்கால் ரோட்டு முழுக்கத் திரியும். தார் ரோட்டில் நெல் காய்வதும் இப்போதுதான். பாதி ரோட்டில் பாயாக விரித்திருப்பார்கள். அதன்மேல் ஒருநாளும் சைக்கிளை விடாதீர்கள். லொறி ஏறுகிறதே என்று கேட்கலாம். லொறிக்காரர் ஏறியதற்கும் அவர்கள் ஏசத்தான் செய்கிறார்கள்.

மே தொடங்கிச் செப்டம்பர் வரை மேற்கில் இருந்து கச்சான் வீசும். நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர், இரண்டும் வாயை வறட்டும். கச்சான் காலத்தில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகுக் காற்று. தெரிந்தவர்கள் காற்று எழும்ப முன்னமே மேற்கே போய்ச் சேர்ந்து, பிறகு அது தள்ளத் தள்ள வீட்டுக்கு வருவார்கள். அதனால் ஐந்தரைக்குப் புறப்படுங்கள். பத்து மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புங்கள். முதல் மாதத்துக்கு இந்தக் கணக்கை மீறாதீர்கள். ஒக்டோபரில் காலை நன்றாக இருக்கும், பின்னேரம் இடி. வெட்டவெளியில் சைக்கிளோடு நிற்கிற ஒரே ஆளாக இருக்க யாருக்கும் ஆசை வராது.

ஊர்ப் பெயரை வாசிப்பது

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், உள்ளே சிக்னல் வந்து போகும். ஆனால் வயற்பாதை பாதிக்கு வரைபடத்தில் கோடே இருக்காது. இருக்கிற கோட்டிலும் பாதி, போன மாரியோடு அள்ளுப்பட்டுப் போயிருக்கும். படுவான்கரைக்கு நான் நம்புகிற வரைபடம் ஊர்ப் பெயர்ப் பலகை.

தீவு, குடா, முனை, துறை என்று முடிந்தால் நீங்கள் வாவிக்கரையில் நிற்கிறீர்கள்: ஈச்சந்தீவு, கன்னன்குடா, கடுக்காமுனை, அம்பிளாந்துறை. ரோட்டு மட்டம், ஏற்றம் இல்லை, காற்று உண்டு. வெளி, வட்டை என்று முடிந்தால் வயல்: பண்டாரியாவெளி, வெல்லாவெளி, பாலையடிவட்டை. 'வட்டைக்குள்ள போறன்' என்று ஒருவர் சொன்னால் வயலுக்குப் போகிறார் என்று பொருள். அங்கே கால் வைக்கிற மண் கறுப்புக் களி. சேனை என்றால் பருத்திச்சேனை போல மேட்டு நிலம். மண் சிவக்கும், கிறவல் தொடங்கும், டயருக்கு நல்ல காலம். ஓடை, ஆறு, மடு என்று வந்தால் குறுக்கே எங்கோ ஒரு தாம்போதி இருக்கிறது, மழைக்குப் பிறகு என்றால் விசாரித்துக்கொண்டு போங்கள். மலை என்றால் பயப்படத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் மலை என்பது பெரும்பாலும் தனியாகக் கிடக்கும் கற்பாறைதான். முதலைக்குடா என்றும் ஓர் ஊர் உண்டு. அதற்கு விளக்கம் வேண்டாம், கரையில் கால் நனைக்க ஆசை வந்தால் மட்டும் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். படுவான்கரை ரோட்டுகளில் பெரும்பங்கு சைக்கிளுக்காகவோ காருக்காகவோ பிறந்தவை அல்ல, தண்ணீரைக் கொண்டுபோகப் பிறந்தவை. குளம், குளக்கட்டு, துரிசு (தண்ணீர் திறந்துவிடும் மடை), பெரிய வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல், வடிகால், ஆறு, வாவி: இந்த ஒழுங்கு மாறுவதே இல்லை. வாய்க்கால் பக்கத்தில் ஒரு கிறவல் ரோட்டுக் கண்டால், தண்ணீர் வருகிற பக்கம் போனால் குளக்கட்டு. தண்ணீர் போகிற பக்கம் போனால் வயல், பிறகு வாவி. வழி தவறினால் தண்ணீரோடு கீழே வாருங்கள், எப்படியும் ஊர் வரும். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறதா? இடைக்கிடை கொங்கிறீற்றில் படி இறக்கிக் கட்டியிருப்பார்கள். படி இறங்குகிற பக்கம்தான் கீழ்ப்பக்கம்.

வாய்க்காலின் இரண்டு கரையிலும் ரோட்டு இருக்காது. உழவு மெசின் போகிற கரை ஒன்று, பற்றை வளர்ந்த கரை மற்றது. அக்கரை அழகாகத் தெரிகிறது என்று மதகில் கடந்து போனால், அரைக் கிலோமீட்டரில் பற்றையில் முட்டிக்கொண்டு திரும்பி வருவீர்கள். மூன்று தடவை வந்திருக்கிறேன்.

வழி கேட்பதும் ஒரு கலை. "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "கிட்டத்தான்" என்பார்கள். அந்தக் கிட்ட இரண்டு கிலோமீட்டரும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். "மோட்டார் சைக்கிள்ல போனா எத்தின நிமிசம் அண்ணன்?" என்று கேளுங்கள். பதில் பத்து நிமிடம் என்றால் உங்களுக்கு அரை மணித்தியாலம். "கிறுகுங்க" என்றால் திரும்புங்கள் என்று அர்த்தம். வயதானவர்கள் தூரத்தைக் கட்டையில் சொல்வார்கள், ஒரு கட்டை ஒரு மைல்.

முதல் ஓட்டம்: வாவியை ஒரு சுற்று

நகரத்தில் இருந்து கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலம். 2014இல் பாலம் திறக்கும் வரை இந்த இடத்தில் படகில்தான் ஏற வேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டினால் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை. கல் நந்தி புல் தின்றதாகச் சொல்லும் தான்தோன்றீஸ்வரர் கோயில் இங்கேதான். வாசலில் நிழலும் தண்ணீரும் உண்டு. அங்கிருந்து வடக்கே கிறுகித் தாண்டியடி, வவுணதீவு, வலையிறவுப் பாலம், மறுபடி நகரம். 40 கிலோமீட்டருக்கு அண்மையில் வரும், பெரும்பாலும் தார்.

கிறவல் எங்கே என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். இந்தச் சுற்றின் நோக்கம் நீங்கள் வெயிலில் மூன்று மணித்தியாலம் தாங்குவீர்களா, ஆசனம் சரியான உயரமா, சங்கிலி கழருமா என்று பார்ப்பது. குதிக்காலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும், அதுதான் ஆசனத்தின் உயரம். இரண்டு கையும் விறைத்தால் ஹாண்டில் தூரம். இதையெல்லாம் பஸ் வருகிற ரோட்டிலேயே திருத்திக்கொள்ளுங்கள். ஆசை தாங்காவிட்டால் கொக்கட்டிச்சோலைக்கும் தாண்டியடிக்கும் நடுவில் மேற்கே போகிற ஏதாவது ஒரு கிறவல் ஒழுங்கையில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டு வந்த வழியே திரும்புங்கள்.

இரண்டாவது ஓட்டம்: ஆற்றோடு உன்னிச்சைக்கு

இதுதான் நான் யாரையும் கூட்டிப்போகிற பாதை. வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளம். போக வர 50, 60 கிலோமீட்டர், நீங்கள் எத்தனை வாய்க்காலில் இறங்கி ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மகிழவெட்டுவான் ஆற்றை மறித்துக் கட்டியதுதான் உன்னிச்சைக் குளம். மட்டக்களப்பு நகரத்துக் குழாய்த் தண்ணீரும் இந்தக் குளத்தில் இருந்துதான் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. காலையில் முகம் கழுவிய தண்ணீரின் ஊற்றைத் தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயித்தியமலை வரை ரோட்டு நல்லது. அங்கே மாதா கோயில். செப்டம்பரில் திருவிழாவுக்கு மட்டக்களப்பில் இருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு, அந்த நாட்களில் ரோட்டு அவர்களுடையது. தேத்தண்ணி, வாழைப்பழம், ரோல்ஸ் எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் போத்தலையும் நிரப்புங்கள்.

ஆயித்தியமலைக்கு அப்பால்தான் விளையாட்டு. உன்னிச்சைக்கு இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால் என்று இரண்டு உண்டு. முதல் தடவை பெரிய ரோட்டிலேயே குளக்கட்டு வரை போய், திரும்பும்போது ஒரு வாய்க்காலோடு இறங்குங்கள். தண்ணீரோடு இறங்கினால் வழி தவறாது என்று முன்னமே சொன்னேன். குளக்கட்டில் ஏறியவுடன் காற்று மாறும். ஒரு பக்கம் நீர், அதற்கு அப்பால் காடு, மறுபக்கம் கண்ணெட்டும் தூரம் வயல். வெயிலில் காய்ந்த சாண வாசமும், துரிசில் இருந்து தண்ணீர் உதறிக்கொண்டு விழும் சத்தமும். குளக்கட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். குளத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். குளமென்றால் முதலை உண்டு என்றே எண்ணிக்கொள்ளுங்கள், அங்கே குளிக்கிற ஊர்க்காரருக்கு எந்தத் துறை, எந்த நேரம் என்று தெரியும்.

திரும்பும் வழியில் ஒருதரம் எனக்கு நடந்தது. ஒக்டோபர்க் கடைசி, முதல்நாள் ஒரு மழை. வாய்க்கால் ரோட்டுச் சிவப்பாக, ஈரமாக, ஓட அருமையாக இருந்தது. குறுக்கே ஒரு வயற்பாதை தெரிந்தது, அதில் போனால் இரண்டு கிலோமீட்டர் மிச்சம். இறங்கினேன். இருபது யார் (கெஜம்) தூரம் போயிருப்பேன், பின்சில்லு சுற்ற மறுத்தது. களி டயரில் ஒட்டி, மட்காட்டுக்குள் ஏறி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இறுகிச் சீமெந்து மாதிரி நின்றது. தள்ளினேன், சில்லு உருளாமல் இழுபட்டது. தூக்கினேன், பாரம் இரண்டு மடங்கு. செருப்பும் போச்சு. வரம்பில் நின்ற ஒருவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "கறுத்த மண்ணுக்குள்ள ஆரு சைக்கிள் கொண்டுவரச் சொன்ன?" என்றார். பிறகு ஒரு தடியைச் சீவித் தந்து, சைக்கிளைத் தலைகீழாக வைக்கச் சொல்லி, மட்காட்டுக்குள் விட்டுக் கிண்டச் சொன்னார். முக்கால் மணித்தியாலம். இப்போது மழைக்குப் பிறகு போனால் கரியரில் ஒரு சாண் தடி இருக்கும், கறுத்த மண் கண்டால் சைக்கிளும் நிற்கும். நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு ஈரமானாலும் போகலாம், கறுப்புக் காய்ந்தால் மட்டும் போகலாம்.

உன்னிச்சையில் இருந்து வடக்கே கரடியனாறு போய், செங்கலடி – பதுளை வீதியைப் பிடித்துச் செங்கலடி வழியாகவும் நகரத்துக்கு வரலாம். கால் பழகியவர்களுக்கு அது நல்ல வட்டம். டிப்பர்களோடு ரோட்டைப் பங்குபோட வேண்டும் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை.

கிறவலில் ஓட்டுவது

தளர்ந்து பிடியுங்கள். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கிறவர்தான் விழுகிறவர். சைக்கிள் கொஞ்சம் அங்கும் இங்கும் ஆடும், ஆடட்டும். பார்வை முன்சில்லில் இருக்கக் கூடாது, பத்துப் பதினைந்து யார் தூரம் முன்னால் இருக்க வேண்டும். உழவு மெசின் ஓடி ஓடி இரண்டு தடம், நடுவில் புல் மேடு என்று ரோட்டு இருக்கும். ஒரு தடத்தில் ஏறினால் அதிலேயே போங்கள். தடம் மாற வேண்டுமானால் வேகத்தைக் குறைத்து, மேட்டைக் கொஞ்சம் நேராக வெட்டி ஏறுங்கள். சரிவாக உரசிக்கொண்டு ஏறப் பார்த்தால் முன்சில்லு வழுக்கும்.

புதிதாகக் கொட்டி இன்னும் உருளை போடாத கிறவல் மிக மோசம். உருண்டைக் கல் எல்லாம் மேலே கிடக்கும். இறங்கித் தள்ளுவது அவமானம் இல்லை. வளைவுக்கு முன்னமே பிரேக் பிடித்து முடியுங்கள், பின் பிரேக் முதல், முன் பிரேக் மெதுவாக. வளைவுக்குள் முன் பிரேக்கை அமுக்கினால் முழங்கையில் கிறவல் பதிந்த ஒரு தழும்பு கிடைக்கும். படுவான்கரையில் சைக்கிள் ஓடுகிறவர்கள் ஒருவரையொருவர் அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

ஒட்டுப் போடுவது

முள் ஏறாமல் ஒரு மாதம் போனால் நீங்கள் சரியான ரோட்டில் போகவில்லை. நெருஞ்சி, இலந்தை, வேலிக்கு வெட்டிப் போட்ட முட்கொப்பு எல்லாம் பாதையில் கிடக்கும்.

நிழலுக்குப் போங்கள். சில்லைக் கழற்றி ரியூப்பை வெளியே எடுத்துக் காற்றடித்து, வாய்க்கால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள். குமிழி வரும் இடத்தை நகத்தால் கீறி அடையாளம் வையுங்கள். துடைத்துக் காய விட்டு, சொரசொரப்புத் தாளால் உரஞ்சி, சொலூசனை ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாகப் பூசுங்கள். இங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள்: ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுகிறார்கள். மினுக்கம் போய், விரலில் ஒட்டாமல் வரும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு ஒட்டை வைத்து அமுக்குங்கள். ரியூப்பை உள்ளே போட முன்னம் பழந்துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்றுத் தடவுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதைப் பிடுங்காமல் மூடினால் அடுத்த மரத்தடியில் இதே வேலையை மறுபடி செய்வீர்கள்.

ரோட்டின் சொந்தக்காரர்கள்

பின்னேரம் பட்டி மாடு ரோட்டை நிறைத்துக்கொண்டு வரும். மணி அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள். ஓரமாக இறங்கிச் சைக்கிளை உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பின்னால் வருகிற பையன் ஒருதரம் என்னிடம் சொன்னான்: "பயப்பிடாதீங்கண்ணன், அதும் வீட்டதான் போகுது." கன்றோடு நிற்கும் எருமைக்கு மட்டும் கூடுதலாக இடம் விடுங்கள். வாடிகளில் (வயல், பட்டிக் குடில்களில்) காவல் நாய் துரத்தும். மிதித்துத் தப்பப் பார்த்தால் அதற்கு இன்னும் குஷி. இறங்கி நடந்தால் பெரும்பாலும் குரைப்பதோடு விட்டுவிடும்.

யானை விசயத்தில் பகிடி இல்லை. உன்னிச்சையின் மேற்குப் பக்கம், கரடியனாறு, வெல்லாவெளி எல்லாம் யானை வருகிற இடங்கள். ஆட்கள் சாகிறார்கள், யானைகளும் சாகின்றன. நெல் முற்றுகிற காலமும் சோளன் காய்க்கிற காலமும் அதிக ஆபத்து. பின்னேரம் நாலு மணிக்கு முன் யானை வேலிக்கு ஊர்ப் பக்கம் வந்துவிடுங்கள். அந்த வேலியில் மின்சாரம் ஓடும், சைக்கிளைச் சாத்தாதீர்கள். ரோட்டில் யானை லத்தி (சாணம்) கிடந்தால் பாருங்கள்: வெளிறிக் காய்ந்தது பழையது, ஈரமாக ஆவி பறந்தால் வந்த வழியே திரும்புங்கள். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள். கிறவலில் அது உங்களைவிட வேகம். காலையில் போக முன் ஊர்க்கடையில் "ராத்திரி யானை வந்தயா?" என்று கேட்டுவிட்டுப் போவதுதான் இங்குள்ள வழக்கம், ஊர்க்காரரே கேட்கிறார்கள்.

பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் போகாதீர்கள். போர் நடந்த மண், இனம் தெரியாத இரும்பு எதையும் தொட வேண்டாம். விழுந்து அடிபட்டால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். எந்த ஊர், எந்த வாய்க்கால், எந்தக் கோயிலுக்குக் கிட்ட என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டு போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்கே ஒரு சுற்றும், பாதையும்

மூன்றாவதாகக் களுவாஞ்சிகுடியில் இருந்து தொடங்குங்கள். நகரத்தில் இருந்து அதுவரை பஸ்ஸிலோ வானிலோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவது நல்லது. கல்முனை வீதியில் ஓடிக் காலைச் சக்தியைக் கரைக்க வேண்டாம். பட்டிருப்புப் பாலம், பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் என்று பெரிய ரோட்டோடு போனால் 30 கிலோமீட்டருக்குள் அடங்கும். அதற்கு மேற்கே நவகிரிக் குளத்துப் பக்கம் கிறவல் அருமையாக இருக்கிறது, யானையும் அப்படித்தான். ஊர்க்காரர் ஒருவர் துணை இல்லாமல் போகாதீர்கள். கிரானுக்கு மேற்கே புலிபாய்ந்தகல், குடும்பிமலைப் பக்கமும் அதே கதை. கோடையில், பழகிய ஆளோடு, இரண்டு உதிரி ரியூப்போடு.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற கோயில். அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பாமல், துறையில் இருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடந்து வாருங்கள். இந்தப் பக்கத்தில் அந்தப் படகுக்குப் பெயர் பாதை. "பாதை ஓடுதா?" என்று ஒருவர் கேட்டால் ரோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. காலையிலேயே அதை விசாரித்து வையுங்கள், காற்றும் வெள்ளமும் இருக்கிற நாளில் ஓடாது.

பாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஏறி முடிந்த பிறகு ஏறுங்கள். சைக்கிளைப் படுக்க வைக்காமல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள், அந்த ஒரு முழக் கயிறு இதற்கும்தான். வாவித் தண்ணீர் உவர். தெறித்தது சங்கிலியில் கிறவல் தூசியோடு சேர்ந்தால் இரண்டு நாளில் துருவேறும். வீட்டுக்குப் போனவுடன், குளிக்க முன்னம், பழைய பல்துலக்கியால் காய்ந்த மண்ணைத் தட்டி, நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கூடினால் அடுத்த தரம் அதே தூசியைத்தான் பிடித்து வைக்கும்.